குடலைக் கண்டால் ஓடும் பேரப்பிள்ளைகள்

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன், வயது 67. தோட்டத்தில் வளர்ந்தவள். ஆடு வெட்டினால் குடல், ரத்தம், தலை என்று எதையும் விடமாட்டோம். பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள், நான் குடல் கழுவினாலே மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறார்கள். அதே பிள்ளைகள் பச்சை மீன் வைத்த சூஷியை ரசித்துச் சாப்பிடுகிறார்கள். பட்டணத்துத் திமிரா இது?

பதில்: திமிர் இல்லை அம்மா, பழக்கம். நீங்கள் சின்ன வயதில் குடலைப் புரட்டி, உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி வழிக்கும்போதே அடுத்து வரப்போகும் குழம்பின் வாசனை மனதுக்குள் வந்திருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு இறைச்சி என்றால் பேரங்காடியில் பிளாஸ்டிக் சுற்றி வைத்திருக்கும் துண்டுதான், அதற்கு முன்னால் அது ஓர் ஆடாக இருந்தது என்பதையே உங்கள் வீட்டுக் கொல்லையில்தான் முதல்முறையாகப் பார்க்கிறார்கள். சூஷியோ அழகாக, வாடையில்லாமல், கூட்டாளிகளோடு உட்கார்ந்து தின்றது.

அருவருப்பு யாருக்கும் பிறவியிலேயே வருவதில்லை. அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் பெரும்பாலும் எதைக் கொடுத்தாலும் வாயில் வைத்தார்கள். பெரியவர்களோ, கிருமி நீக்கிய செத்த கரப்பான்பூச்சியை ஒருதரம் முக்கி எடுத்த பழச்சாற்றைக்கூடக் குடிக்க மறுத்தார்கள், சுத்தம்தான் என்று சொன்ன பிறகும். எது சாப்பாடு, எது சீச்சீ என்பதை இடையில் வீடுதான் சொல்லிக் கொடுக்கிறது. அம்மாவின் வயிற்றிலேயே சுவை பழகத் தொடங்கிவிடுகிறது. 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள் கேரட் கலந்த கூழுக்கு மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே முகம் சுளித்தன. நம் ஊரிலேயே பாருங்களேன், பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) வறுக்கும் வாடை நமக்குப் பசியைக் கிளப்பும், தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவருக்குக் குமட்டும். டுரியான் பழத்துக்கு உயிரை விடுகிறவர்களில் எத்தனை பேர் அதையே புளிக்கவைத்த தெம்போயாக்கைத் தொடுகிறார்கள்?

அதனால் கட்டாயப்படுத்தாதீர்கள், "என் சமையல் உனக்கு நாறுதா?" என்று கேட்டுவிடவும் வேண்டாம், அது மனதில் தங்கிவிடும். முதலில் மிளகு தூக்கலாகப் போட்டு ஈரல் வறுவல் செய்யுங்கள். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் ரசித்துச் சாப்பிடுங்கள். தட்டு ஓரத்தில் ஒரு துண்டு வைத்தால் போதும், தொடாவிட்டாலும் கோபப்படாதீர்கள். புதுச் சுவை ஒன்று பிள்ளைகளுக்குப் பிடிக்கப் பத்து முறைக்கு மேலும் ஆகலாம். குடல் அடுத்த விடுமுறைக்கு இருக்கட்டும்.

கேள்வி: சார் குவே தியாவில் (வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸ்) போட்ட கெராங் என்ற சிப்பியைச் சாப்பிட்ட இரவு வாந்தி. வைரஸ் காய்ச்சல்தான் காரணம் என்று டாக்டர் சொன்னார். அப்புறம் இன்றுவரை கெராங்கைப் பார்த்தாலே வயிறு புரட்டுகிறது. ஏன்? (செந்தூல் வாசகர்)

பதில்: உங்கள் மூளை டாக்டர் சொன்னதைக் கேட்கவில்லை. 1955-ல் ஜான் கார்சியா என்பவர் எலிகளுக்கு இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கூடவே உடம்பைக் கெடுக்கும் கதிர்வீச்சும் பாய்ச்சினார். அப்புறம் எலிகள் அந்தத் தண்ணீரை ஒதுக்கின. உணவுக்கும் நோய்க்கும் இடையே சில மணி நேரம் போனாலும் உடம்பு உணவைத்தான் குற்றம் சொல்லும், அதற்கு ஒரே ஒரு தடவை போதும். விஷத்திலிருந்து உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. வெட்கப்பட ஒன்றுமில்லை, கடையில் கெராங் இல்லாமல் கேளுங்கள், பிரட்டித் தருவார்கள்.