பழைய புரொப்பெல்லர் விமானங்கள்: நீங்கள் கேட்டவை

டிசி-3, டிசி-6, கான்ஸ்டலேஷன் மாதிரி பழைய பயணிகள் விமானங்களை வீட்டு சிமுலேட்டரில் ஓட்டுகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விமானி கிடையாது. இந்த எஞ்சின்களை சிமுலேட்டரில் வருடக்கணக்காகக் கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டவன்.

கேள்வி: இதுவரை ஜெட் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன் அண்ணா. டிசி-3இல் தொடங்கலாமா, டிசி-6இல் தொடங்கலாமா?

காலுக்கு ரட்டர் பெடல் (வாலிலுள்ள செங்குத்துச் சுக்கானைத் திருப்புவது) இருக்கிறதா? இருந்தால் டிசி-3. ரெண்டே எஞ்சின், காபினில் காற்றழுத்தம் ஏற்றும் வேலை கிடையாது, பார்க்க வேண்டிய முள்களும் குறைவு. 1935 டிசம்பர் 17 அன்று முதலில் பறந்த விமானம், ஆனால் காற்றில் ரொம்ப சாது. அதன் சேட்டையெல்லாம் தரையில்தான். வால் சக்கரம் என்பதால் ஓடுபாதையில் நேராக ஓட்டவே தனியாகப் பழக வேண்டும்.

பெடல் இல்லையென்றால் டிசி-6. அதற்கு மூக்குச் சக்கரம், தரையில் தொல்லை இல்லை. நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் 18 சிலிண்டர் என்றதும் மலைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டருக்கு வந்த பிஎம்டிஜி டிசி-6இல் எஞ்சினைக் கவனிக்க ஒரு தானியங்கி ஃபிளைட் எஞ்சினியர் உண்டு. முதல் பத்துப் பயணத்துக்கு அவரிடமே விட்டுவிட்டு, அவர் எந்த லீவரை எப்போது நகர்த்துகிறார் என்று பாருங்கள். நல்ல வாத்தியார். அப்புறம் அவரை அனுப்பிவிடலாம்.

கேள்வி: த்ராட்டில், புரொப்பெல்லர், மிக்ஸ்சர் என்று மூன்று லீவர். எதை முதலில் தொடுவது, எதை அப்புறம் தொடுவது என்பதில் என்ன கணக்கு?

எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால் மேனிஃபோல்ட் பிரஷர் முள்ளைப் பாருங்கள். எஞ்சின் ஓடவில்லை, ஆனாலும் முள் பூஜ்யத்தில் இருக்காது. கடல் மட்டத்தில் ஏறக்குறைய 30 அங்குலத்தில் (பாதரச அளவில்) நிற்கும். அது வெளிக்காற்றின் அழுத்தம், அவ்வளவுதான். கிளப்பியதும் முள் கீழே விழும், ஏனென்றால் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது, பிஸ்டன்கள் உள்ளேயிருந்து காற்றை உறிஞ்சுகின்றன. த்ராட்டிலைத் திறக்கத் திறக்க முள் ஏறும். காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் இருப்பதால் 30ஐயும் தாண்டும்.

ஆக, எஞ்சினுக்குள் எவ்வளவு அழுத்தத்தில் காற்று போகிறது என்பது த்ராட்டிலின் வேலை. நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) என்பது புரொப்பெல்லர் லீவரின் வேலை. காற்றோடு எவ்வளவு பெட்ரோல் கலக்கிறது என்பது மிக்ஸ்சரின் வேலை. காரை நாலாவது கியரிலேயே வைத்துக்கொண்டு மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் 'டக டக' என்று தட்டுமே, அதேதான் இங்கேயும். சுற்று குறைவாக இருக்கும்போது அழுத்தத்தை ஏற்றினால் சிலிண்டருக்குள் எரிபொருள் வெடித்துத் தட்ட ஆரம்பிக்கும்.

வரிசை இதிலிருந்தே வந்துவிடுகிறது. சக்தி கூட்டும்போது மிக்ஸ்சர், பிறகு ஆர்பிஎம், கடைசியில் த்ராட்டில். குறைக்கும்போது முதலில் த்ராட்டில், பிறகு ஆர்பிஎம், கடைசியில் மிக்ஸ்சர். டிசி-3இல் பிராட் அண்ட் விட்னி ஆர்-1830 எஞ்சின் இருந்தால் புறப்படும்போது 48 அங்குலம், 2700 சுற்று. தரையை விட்டு, சக்கரம் ஏறியதும் சுமார் 42 அங்குலம், 2550 சுற்று. உயரத்துக்குப் போய்ச் சமமாகப் பறக்கும்போது 28-30 அங்குலம், 2050 சுற்று போதும்.

கேள்வி: ஸ்டார்ட்டரை அழுத்தியதும் எஞ்சின் பிடிக்க மாட்டேன் என்கிறது. வீடியோக்களில் "நாலு, அஞ்சு, ஆறு" என்று எதையோ எண்ணுகிறார்கள். என்ன அது?

கண் முன்னால் கடந்து போகிற புரொப்பெல்லர் பிளேடுகளை எண்ணுகிறார்கள். ரேடியல் எஞ்சினில் சிலிண்டர்கள் வட்டமாக இருக்கின்றன, அதனால் சில தலைகீழாகத் தொங்கும். விமானம் நின்றிருக்கும்போது ஆயில் மெல்லக் கசிந்து அந்தக் கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கும். திரவத்தை அமுக்க முடியாது. அந்த நிலையில் எஞ்சின் பற்றிக்கொண்டால் கனெக்டிங் ராடு வளையும், அல்லது சிலிண்டரே பெயரும். அதனால் முதலில் இக்னிஷன் இல்லாமல் சில பிளேடு சுற்றவிட்டு, தடங்கல் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் தீப்பொறி தரும் மேக்னட்டோவைப் போடுவார்கள்.

பிடிக்காததற்குக் காரணம், நீங்கள் மிக்ஸ்சரை முதலிலேயே முன்னால் தள்ளியிருப்பீர்கள். கட்-ஆஃபிலேயே, அதாவது எரிபொருள் போகாத நிலையிலேயே விடுங்கள். எரிபொருள் பூஸ்டர் பம்ப், ஸ்டார்ட்டர், எண்ணிக்கை, மேக்னட்டோ, பிரைமர் (கிளப்புவதற்கு மட்டும் கொஞ்சம் பெட்ரோல் தெளிப்பது). எஞ்சின் பிரைமரிலேயே இருமிக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். அப்போதுதான் மிக்ஸ்சரை ஆட்டோ-ரிச், அதாவது பெட்ரோல் தாராளமாகப் போகும் நிலைக்குத் தள்ள வேண்டும். வெள்ளைப் புகை வந்தால் பயப்படாதீர்கள், தேங்கிய ஆயில் எரிகிறது.

கேள்வி: டிசி-3இல் ஒவ்வொரு முறை புறப்படும்போதும் இடது பக்கப் புல்லில்தான் போய் முடிகிறேன். பெடல் இருக்கிறது, மிதிக்கிறேன். என்ன தப்பு?

பதினைந்து பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வால் சக்கர விமானத்தில் எடையின் மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. நேராக ஓடும்வரை எல்லாம் சரி. கொஞ்சம் திரும்பியதும் பின்னாலிருக்கும் எடை முன்னால் வரப் பார்க்கும், திருப்பம் தானாகவே வளரும். இதற்கு மேல், ரெண்டு புரொப்பெல்லரும் உங்கள் இருக்கையிலிருந்து பார்த்தால் வலச்சுற்றாகச் சுற்றுகின்றன. வால் தரையில் இருக்கும்போது மூக்கு மேலே பார்க்கிறது, அதனால் கீழே இறங்குகிற பிளேடு அதிகம் இழுக்கும், விமானம் இடது பக்கம் போகும். வால் எழும்புகிற நொடியில் இன்னொரு இழுப்பு வரும், சுழலும் பொருளின் அச்சைச் சாய்த்தால் வருகிற ஜைரோ விளைவு. அதுவும் இடது பக்கம்தான். பாவம், வலது காலுக்கு ஓய்வே இல்லை.

இப்படிச் செய்து பாருங்கள். ஓடுபாதையில் நேராக நிறுத்தி, இன்னும் பத்துப் பதினைந்து அடி முன்னால் உருட்டுங்கள், வால் சக்கரம் நேராகட்டும். பிறகு டெயில் வீல் லாக்கைப் போடுங்கள். இதை மறந்துவிட்டுத்தான் பாதிப் பேர் புல்லுக்குப் போகிறீர்கள். த்ராட்டிலை ஒரே தள்ளாகத் தள்ளாதீர்கள். முதலில் 30 அங்குலம், விமானம் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள், ரட்டரில் காற்று பிடிக்கட்டும். அப்புறம் மெல்ல மெல்ல 48 வரை. வாலை அவசரமாகத் தூக்க வேண்டாம், கொஞ்சம் தள்ளினால் தானே எழும். 80-85 நாட் வந்ததும் லேசாக இழுங்கள்.

காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். கொத்து கொத்தாக மிதிக்க வேண்டும். மிதி, விடு, மிதி, விடு. மூக்கு நகர்ந்த பிறகு மிதித்தால் தாமதம், நகரப்போகிறது என்று தோன்றும்போதே மிதிக்க வேண்டும். நான் இதை இருபது நிமிடம், பறக்காமல், ஓடுபாதையிலேயே 40 நாட் வரை ஓட்டி நிறுத்தி, திருப்பி ஓட்டிப் பழகினேன். சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு புல்லைப் பார்க்கவில்லை.

சிமுலேட்டர் அமைப்பில் ரட்டருக்கான உதவி ஏதாவது இயங்குகிறதா என்றும் பாருங்கள். நீங்கள் ஒரு பக்கம் மிதிக்க, அது ஒரு பக்கம் மிதிக்கும்.

கேள்வி: 8000 அடியில் மேகத்துக்குள் பறக்கும்போது வேகம் மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. ஆர்பிஎம் அசையவில்லை. எஞ்சின் பழுதா?

பழுதில்லை, கார்புரேட்டரில் பனி. த்ராட்டில் வழியாகக் காற்று விரியும்போதும் பெட்ரோல் ஆவியாகும்போதும் உள்ளே வெப்பநிலை சட்டென்று இறங்கும். வெளியே 15 டிகிரி இருந்தாலும், ஈரம் இருந்தால் உள்ளே பனி கட்டும். ஆர்பிஎம் ஏன் அசையவில்லை என்றால், கவர்னர் பிளேடின் கோணத்தை மாற்றி மாற்றிச் சுற்றைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. மேனிஃபோல்ட் முள்தான் உண்மையைச் சொல்லும். நீங்கள் தொடாமலே 29 இருந்த இடத்தில் 27 ஆகிவிட்டதா? கார்புரேட்டர் ஹீட்டை முழுதாகப் போடுங்கள்.

போட்டதும் நிலைமை இன்னும் மோசமாகும். சூடான காற்று லேசானது, முள் இன்னும் இறங்கும், உருகிய தண்ணீரை விழுங்கி எஞ்சின் இருமும். பயந்துபோய் ஹீட்டை அணைத்துவிடுவது புதியவர்கள் செய்கிற தவறு. நானும் செய்திருக்கிறேன், மலைக்கு மேலே, ராத்திரியில். ஒரு நிமிடம் பொறுத்தால் முள் ஏறி வரும்.

கேள்வி: எஞ்சினைத் தப்பாக ஓட்டினால் சிமுலேட்டரில் நிஜமாகவே கெட்டுப்போகுமா?

விமானத்தைப் பொறுத்தது. கூடவே வருகிற சாதாரண மாடல்கள் பலவற்றில் என்ன செய்தாலும் ஓடும். தனியாக வாங்கும் நுணுக்கமான மாடல்கள் சேதத்தைக் கணக்கு வைத்து அடுத்த பயணத்திலும் நினைவில் வைத்திருக்கும். ஒருமுறை கௌல் ஃபிளாப்பை (எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றுக்கான மடிப்புக் கதவை) மூடிவைத்தபடியே ஏறி, மூன்றாவது எஞ்சினைப் பொசுக்கினேன். காக்பிட்டுக்குள் எந்த அமர்க்களமும் இல்லை. சிலிண்டர் வெப்ப முள் ஒன்று மட்டும் மற்ற மூன்றோடு சேராமல் நின்றது, நான்தான் பார்க்கவில்லை.

கேள்வி: இறங்க வேண்டிய இடம் வந்தபிறகும் எப்போதும் உயரமாகவே இருக்கிறேன்.

ஜெட் பழக்கம். த்ராட்டிலை முழுக்க மூடி மூக்கைக் கவிழ்த்துவிட இதில் முடியாது. அப்படிச் செய்தால் எஞ்சின் புரொப்பெல்லரைச் சுற்றுவதற்குப் பதிலாக, புரொப்பெல்லர் எஞ்சினைச் சுற்றும். ரேடியல் எஞ்சினின் பேரிங்குகளுக்கு அது ஆகாது, சிலிண்டர்களும் சட்டென்று குளிர்ந்துவிடும். ஒரு கைக்கணக்கு: ஒவ்வொரு 100 சுற்றுக்கும் குறைந்தது 1 அங்குலமாவது வைத்திருங்கள். 2000 சுற்று என்றால் 20க்குக் கீழே போகக் கூடாது. குறைப்பதும் நிமிடத்துக்கு ஓரிரு அங்குலம்தான்.

அதனால் சீக்கிரம் இறங்க ஆரம்பிக்க வேண்டும். டிசி-3இல் நிமிடத்துக்கு 500 அடி. பயணிகளின் காது உங்கள் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். 8000 அடி குறைக்க 16 நிமிடம், தரைவேகம் 150 நாட் என்றால் 40 கடல் மைல். வெளியே பார்த்தால் ஊரே தெரியாது, அப்போதே இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

கேள்வி: இறங்கும்போது தவளை மாதிரி துள்ளுகிறது.

மூன்று சக்கரத்தையும் ஒன்றாக வைக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இப்போதைக்கு வேண்டாம். சுமார் 85-90 நாட்டில் வந்து, முன் சக்கரங்களை மட்டும் மெல்லத் தொடவிடுங்கள். தொட்டதும் யோக்கை (கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரத்தை) இழுக்காமல் லேசாக முன்னால் தள்ளுங்கள், மனம் ஒப்பாது, ஆனாலும் தள்ளுங்கள். இழுத்தால் இறக்கை மறுபடி காற்றைப் பிடிக்கும், அதுதான் துள்ளல். வேகம் குறையக் குறைய வால் தானே இறங்கும். பிரேக்கைக் கடைசியில், பூ மாதிரி.

கேள்வி: ஜிபிஎஸ் இல்லாமல் எப்படித்தான் வழி கண்டுபிடித்தார்கள்?

1930, 40களில் அமெரிக்காவில் ரேடியோ ரேஞ்ச் என்று ஒன்று இருந்தது. நிலையத்தைச் சுற்றியுள்ள வானத்தை நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்குகளில் மோர்ஸில் 'ஏ' எழுத்தையும் மற்ற இரண்டில் 'என்' எழுத்தையும் ஒலிபரப்பினார்கள். ஒன்று குறில்-நெடில், மற்றது நெடில்-குறில். பாதையின் நடுவில் இருந்தால் ரெண்டும் ஒன்றோடொன்று பொருந்தி, இடைவெளி இல்லாத ஒரே ரீங்காரமாகக் கேட்கும். விலகினால் ஒரு எழுத்து தலைதூக்கும். மணிக்கணக்காக அதையே காதில் வாங்கிக்கொண்டு பறந்தார்கள்.

நமக்கு விஓஆரும் ஏடிஎஃப்பும் போதும், ரெண்டுமே தரையிலுள்ள ரேடியோ நிலையங்களை வைத்துத் திசை சொல்கிற கருவிகள். ஏடிஎஃப் முள் எப்போதும் நிலையத்தைக் காட்டும், ஆனால் மூக்கை முள்ளின் பக்கமே வைத்துக்கொண்டு போனால் பக்கக் காற்று தள்ளத் தள்ள வளைந்து வளைந்துதான் போய்ச் சேர்வீர்கள். காற்று வருகிற பக்கம் ஐந்து பத்து டிகிரி சேர்த்துப் பிடியுங்கள். ஜைரோ திசைகாட்டியும் மெல்ல நழுவும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை காந்தத் திசைகாட்டியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: ஆட்டோபைலட்டைப் போட்டதும் விமானம் ஒரு பக்கமாகக் கவிழ்கிறது சார்.

பழைய ஸ்பெரி வகை. போடுவதற்கு முன்னால் அதன் குறிகளை விமானத்தின் இப்போதைய நிலையோடு பொருத்த வேண்டும். பொருத்தாமல் போட்டால், அது பழைய நிலைக்குத் திருப்பத்தான் பார்க்கும்.

கேள்வி: சூப்பர் கான்ஸ்டலேஷன் ரொம்ப அழகு. அதையே முதலில் எடுத்துக்கொண்டால்?

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் ரைட் ஆர்-3350 டர்போ-காம்பவுண்ட் எஞ்சினில், வெளியேறுகிற புகையிலிருந்து சக்தியைத் திருப்பி எடுக்க மூன்று டர்பைன்கள். சுமார் 450 குதிரைத்திறன் கூடுதலாகக் கிடைக்கும், கூடவே தலைவலியும். 'பவர் ரெகவரி டர்பைன்' என்ற பெயரை அந்தக் காலத்து ஆட்கள் 'பார்ட்ஸ் ரெகவரி டர்பைன்' என்று கேலி செய்தார்களாம். டிசி-6இல் ஐம்பது மணி நேரம் முடித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: நிறுத்தும்போது மேக்னட்டோவை அணைத்தால் போதும்தானே?

போதாது. தரையில் கொஞ்ச நேரம் 1000 சுற்றில் ஓடவிடுங்கள், சிலிண்டர் வெப்பம் இறங்கட்டும். பிறகு மிக்ஸ்சரை ஐடில் கட்-ஆஃபுக்கு இழுங்கள். எரிபொருள் தீர்ந்து எஞ்சின் தானாக அடங்க வேண்டும், சிலிண்டருக்குள் பெட்ரோல் மிச்சம் இருக்கக் கூடாது. புரொப்பெல்லர் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மேக்னட்டோ. கௌல் ஃபிளாப்பை மூடாதீர்கள், உள்ளே இன்னும் கொதிக்கிறது. கடைசியாகக் கட்டுப்பாடுகளுக்குப் பூட்டு. அடுத்த நாள் புறப்படுவதற்கு முன்னால் அதை எடுக்க மறந்தவர்கள் பட்டியலில் நானும் இருக்கிறேன்.