மேற்கு வெயில் அடிக்கும் ஹாலுக்கு என்ன திரை போடலாம்?

பாளையங்கோட்டையில் ஹால் ஜன்னல் இரண்டும் மேற்குப் பார்த்தவை, சாயங்காலம் உட்கார முடியவில்லை, என்ன திரை போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

துணி, நிறமெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூட்டை எவ்வளவு கனமான திரையும் முழுதாகத் திருப்பி அனுப்பாது. திரையே சூடாகி அறைக்குள் அனலைத் தள்ளும். சன்ஷேடு இருக்கிறதே என்பீர்கள். நாலு மணி வெயில் சாய்வாக வருவதால் அதற்கடியில் நுழைந்துவிடும். ஆகவே வெளியே, சுருட்டி ஏற்றுகிற மூங்கில் தட்டி போடுங்கள். கீழ்முனையை ஜன்னல் கம்பியோடு கட்டிவைக்க இரண்டு பக்கமும் கொக்கி கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஆடிக்காற்றில் ராத்திரி முழுக்க டப் டப்பென்று அடிக்கும்.

உள்ளே வெளிர்நிறப் பருத்தித் துணி போதும். திரைக்கம்பி நீளத்தைப் போல இரண்டு மடங்கு அகலம் எடுத்தால் மடிப்பு நன்றாக விழும். தைக்கும் முன் நனைத்துக் காயப்போடுங்கள், பருத்தி சுருங்கும்.

பத்தமடைப் பாயைத் திரையாக்க ஆசையா? சரி, உள்பக்கம் மட்டும் தொங்கவிடுங்கள். கோரை ஐப்பசி மழையில் நனைந்தால் பூசணம் பிடிக்கும். வெல்வெட் மட்டும் வேண்டவே வேண்டாம், நம்மூர்ப் புழுதிக்குத் துவைத்து மாளாது.