பருவம் தவறிய முட்டைகள்: நாட்காட்டியை அல்ல, பெண் பல்லியின் வாலைப் பாருங்கள்

கேள்வி: கனடாவில் வசிக்கிறேன். லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி இனத்தில் மூன்று வயதுப் பெண் ஒன்றையும் ஓர் ஆணையும் வளர்க்கிறேன். பெண் இந்த ஆண்டு பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை ஆறு முறை முட்டையிட்டது. பிப்ரவரியில் 61 கிராம் இருந்தது, இப்போது 46 கிராம். ஹீட்டர் ஓடுவதால் வீடு எப்போதும் கதகதப்பாக இருக்கிறது. இந்த அக்டோபரிலேயே இணை சேர்த்து, ஜனவரியில் குஞ்சு எடுக்கலாமா?

பதில்: கணக்குப்படி முடியும். ஆனால் தயவுசெய்து இந்த அக்டோபரில் செய்யாதீர்கள்.

ஒரு முறைக்கு இரண்டு முட்டை என்றால் ஏழு மாதங்களில் பன்னிரண்டு. எடையில் கால் பங்கு போய்விட்டது. இவை கொழுப்பைச் சேமிப்பது வாலில்; அதுதான் கரைந்திருக்கிறது. உணவில் கால்சியம் போதாதபோது கரு வளரவும் ஓடு உருவாகவும் தாயின் எலும்பே கரைந்து ஈடுகொடுக்கிறது. இப்போது மீண்டும் இணை சேர்த்தால் முட்டை வரலாம், தாய் தளர்ந்துவிடும்.

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறை நிலங்களில் குளிர் வந்ததும் இவை இடுக்குகளில் ஒடுங்கிவிடும். வெப்பமும் பகல் நேரமும் கூடும்போதுதான் பெண்ணுக்குள் கரு முட்டைகள் பெருகத் தொடங்கும். உங்கள் ஹீட்டர் அந்தக் குளிரை அழித்துவிட்டது. பருவம் தவறியும் முட்டை கிடைப்பது இதனால்தான். 'போதும், நிறுத்து' என்று சொல்லும் குளிர் அந்த உடலுக்கு வருவதே இல்லை என்பதுதான் எனக்குக் கவலை.

ஆண் கெக்கோவை இன்றே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். பிரித்த பிறகும் பெண் கருவுற்ற முட்டை இடலாம். ஆணின் விந்து மாதக்கணக்கில் பெண்ணின் உடலில் தங்கும். எனவே ஈரமான தேங்காய்நார்த் தூளோ வெர்மிகுலைட்டோ (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) நிரப்பிய பெட்டி தொட்டியில் இருக்கட்டும். தொடர்ந்து தோண்டியும் முட்டை வராமல் சோர்ந்து கிடந்தால், ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டு செல்லுங்கள்.

நன்கு தீனி கொடுத்து வளர்த்த கிரிக்கெட் பூச்சிகளையும் டூபியா கரப்பான்களையும், வைட்டமின் டி3 கலந்த கால்சியம் தூவிக் கொடுங்கள். எடை மீண்டும் 60 கிராமை நெருங்கி, வால் கழுத்தளவு தடிக்கும் வரை காத்திருங்கள். அதற்கு முன் குளிர்விப்பு, அதாவது வெப்பத்தைக் குறைத்து ஓய்வு கொடுப்பது, வேண்டவே வேண்டாம். மெலிந்த உடலுக்குக் குளிர் ஓய்வாகாது.

தேறிய பிறகு, முதலில் வெப்பத்தைக் குறைக்காமல் பத்துப் பதினான்கு நாள் உணவை நிறுத்தி வயிறு காலியாக விடுங்கள். பிறகு படிப்படியாக இரவு வெப்பத்தை 18 முதல் 20 டிகிரி செல்சியஸுக்கும், விளக்கைப் பத்து மணி நேரத்துக்கும் குறையுங்கள். ஆறு வாரம் போதும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். அதன்பின் மெல்லச் சூடேற்றி, இரண்டு மூன்று வாரம் நன்றாகத் தின்றபின் ஆணைச் சேருங்கள்.

உண்மையிலேயே நவம்பர் முட்டைதான் வேண்டுமென்றால், அடுத்த வசந்தத்தில் இணை சேர்ப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். கோடையில் குளிர்ச்சியாக இருக்கும் பேஸ்மென்ட்டில் ஓய்வு கொடுத்து, செப்டம்பர் இறுதியில் சேர்க்கலாம். பருவத்தைத் தள்ளிப் போடலாம்; ஒரே ஆண்டில் இன்னொன்றைக் கூட்டக் கூடாது.

முட்டை கிடைத்தால் புரட்டாதீர்கள். மேற்பக்கத்தில் பென்சிலால் குறியிடுங்கள். 26 டிகிரியில் அடைகாத்தால் பெரும்பாலும் பெண்ணும், 32 டிகிரியைச் சற்றே தாண்டினால் பெரும்பாலும் ஆணும் பொரிக்கும். முன்னதற்கு இரண்டு மாதத்துக்குக் குறையாமல், பின்னதற்கு ஏறக்குறைய நாற்பது நாள் ஆகும். குளிர்காலத்தில் இன்குபேட்டரை ஜன்னலருகிலும் ஹீட்டர் காற்று வரும் துளையருகிலும் வைக்காதீர்கள். தெர்மோஸ்டாட் இருந்தும் வெப்பம் அங்கே அலைபாயும்.

இப்போதைக்கு ஒரு சமையல் தராசு வாங்கி, வாரம் ஒருமுறை எடையைக் குறித்து வாருங்கள். ஜனவரியில் அந்த எண்களோடு மீண்டும் எழுதுங்கள்.