கர்நாடக வயலின் கற்றவர் இளையோர் ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ராவில் சேர முடியுமா?

உங்களுக்கு 15 வயது, 6 வருடமாகக் கர்நாடக வயலின், ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய ஸ்வரக்குறிப்பான ஸ்டாஃப் நோட்டேஷன் தெரியாது. ஆர்கெஸ்ட்ராவில் சேர வேண்டுமானால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். நானும் கச்சேரிப் பக்கத்திலிருந்து போய், சென்னையில் ஓர் இளையோர் குழுவில் செகண்ட் வயலின் (முதல் வயலின்களுக்குத் துணையாக வரும் பகுதி) வாசித்தவள்தான். ஆனால் நீங்கள் பயப்படும் விஷயம் வேறு, அங்கே கஷ்டம் தரும் விஷயம் வேறு.

நோட்டேஷன் பயம் சீக்கிரம் போய்விடும். மேற்கத்திய மெட்டுகளில் அமைந்த முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் பாடம் ஆகியிருக்குமே? 'சியாமளே மீனாக்ஷி'யின் மெட்டும் 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டும் ஒன்றுதான். வயலினுக்கான சுசுகி முறைப் பாடத்தின் முதல் புத்தகம் தொடங்குவதே அந்த மெட்டில். விரலுக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கண்ணால் படித்துப் பழகுங்கள். நோட்டுஸ்வரத்தில் கமகம் கிடையாது என்பதால், ஸ்வரத்தை அசைக்காமல் நிறுத்தும் பழக்கமும் கூடவே வந்துவிடும்.

தந்தி மாற்றம் கொஞ்ச நாள் படுத்தும். நமக்கு ச-ப-ச-ப, அங்கே ஜி, டி, ஏ, ஈ. அங்கே அடுத்தடுத்த எந்த இரண்டு தந்தியை எடுத்தாலும் ச-ப இடைவெளிதான். நாம் இரண்டாம் தந்தியில் ப, த, நி வாசித்ததும் மேல் ஸட்ஜத்துக்கு அடுத்த தந்திக்குத் தாவுவோம். அங்கே அதே தந்தியில் மூன்றாம் விரலை வைக்க வேண்டும். சுண்டுவிரலுக்கும் வேலை உண்டு.

உட்காரும் முறையும் மாறும். கணுக்காலில் வயலினின் தலையைச் சாய்த்து வைக்கிற சுகம் இல்லை. தோளும் தாடையும்தான் தாங்கும். தோளில் படும்படி வயலினின் அடியில் மாட்டும் ஷோல்டர் ரெஸ்ட் அவசியம் வாங்குங்கள். கழுத்து வலித்தால் பொறுத்துக்கொள்ளாமல் அங்குள்ள ஆசிரியரிடம் பிடிப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பெரிய சிக்கல் நம் பக்கவாத்திய குணம். பாடகர் ஒரு சங்கதி, அதாவது வரியின் மாறுபட்ட வடிவம், பாடினால் அதைக் காதில் வாங்கி நிழல் மாதிரி பின்னாலேயே வருவோம். அதற்குத்தான் நமக்குச் சபாஷ் கிடைக்கும். ஆர்கெஸ்ட்ராவில் பக்கத்து நாற்காலியைக் கேட்டு வாசித்தால் ஏற்கெனவே தாமதம். கண்டக்டரின் கை இறங்கும் நொடியில் எல்லா வில்லும் ஒன்றாகத் தொட வேண்டும். வில் மேலே போவதும் கீழே வருவதும்கூட உங்கள் விருப்பம் கிடையாது. முன்வரிசைத் தலைவர் முடிவு செய்வார், எல்லோரும் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். இசைத்தாள் வைக்கும் ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர். உள்பக்கம் இருப்பவர் பக்கத்தைப் புரட்டுவார், மற்றவர் நிறுத்தாமல் வாசிப்பார். உங்கள் வயலின் தனியாகக் காதில் விழுந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள். எனக்கு இது பிடிபடத்தான் ரொம்ப நாள் ஆனது. கையை வைத்துத் தாளம் போட முடியாது, கால் தட்டினாலும் முறைப்பார்கள்.

தேர்வில் பெரும்பாலும் இரண்டு ஸ்தாயிக்கு ஸ்கேல்கள், தயாரித்த ஓர் உருப்படி, அப்புறம் அங்கேயே கொடுத்து வாசிக்கச் சொல்லும் சைட் ரீடிங் இருக்கும். டிரினிட்டி அல்லது ஏபிஆர்எஸ்எம் என்ற லண்டன் இசைத் தேர்வு அமைப்புகளின் கிரேடு கேட்கும் குழுக்களும் உண்டு. சைட் ரீடிங்கில் ஸ்வரம் தப்பினாலும் தாளத்தை விடாதீர்கள். நின்று திருத்தி வாசிப்பவரைவிட ஓடிக்கொண்டே இருப்பவரைத்தான் எடுப்பார்கள். செகண்ட் வயலின் கொடுத்தால் முகம் சுளிக்க வேண்டாம். மெட்டு குறைவுதான், ஆனால் படிக்கப் பழக அதுவே நல்ல இடம்.

கட்டணம் கவலையாக இருந்தால், ஏ.ஆர். ரஹ்மான் அறக்கட்டளையின் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா பற்றி விசாரியுங்கள். வசதி குறைந்த பிள்ளைகளுக்கு இலவசமாகவே தந்தி வாத்தியம் கற்றுத் தருகிறார்கள்.

முடிந்தால் இரண்டாவதாக ஒரு வயலின், பழையதானாலும் சரி, வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வயலினில் தினமும் சுருதியை ஏற்றி இறக்கினால் தந்தி அறுந்துகொண்டே இருக்கும். உங்கள் குருவிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கமகம் கெட்டுவிடும் என்று அவர் தயங்கினால், வாரத்தில் எந்தெந்த நாள் எந்த வயலின் என்று அவரையே வகுத்துத் தரச் சொல்லுங்கள்.