ஹேண்டில்பார் மாற்றும் முன்

கேள்வி: நீண்ட தூரம் பைக் ஓட்டினால் மணிக்கட்டும் தோளும் வலிக்கின்றன. உயரமான ஹேண்டில்பார் போடலாமா? நானே மாட்ட முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ஆனால் வாங்கும் முன் பழையதை அளந்துவிடுங்கள். கைப்பிடி வரும் இடத்தின் விட்டம் பெரும்பாலான பைக்குகளில் 22 மி.மீ. தான்; நடுவில் கிளாம்ப் (ஹேண்டில்பாரைப் பைக்கோடு இறுக்கும் பிடிப்பான்) பிடிக்கும் இடம்தான் 22, 25.4, 28.6 என்று மாறும், அது பொருந்தாவிட்டால் ஹேண்டில்பார் எவ்வளவு அழகாக இருந்தாலும் வீண். உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். முனைகள் எவ்வளவு பின்னோக்கி வளைந்து வருகின்றன என்பதும் உங்கள் மணிக்கட்டுக்கு அதே அளவு முக்கியம்.

உயரம் கூடினால் கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள்களும் பிரேக் ஆயில் போகும் ஹோஸும் எட்டாமல் போகலாம், அப்போது நீளமானவை வாங்கியே ஆக வேண்டும். கழற்றும்போது பிரேக் ஆயில் டப்பாவைக் கவிழ்க்காமல் நிமிர்த்தியே கட்டி வையுங்கள், உள்ளே காற்று புகக் கூடாது.

அப்புறம், பல பைக்குகளில் சுவிட்ச் பெட்டிக்குள் சின்ன முளை ஒன்று இருக்கும், அது உட்கார பாரில் துளை வேண்டும். துளை போடச் சோம்பல்பட்டு முளையைச் சீவிவிடும் பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பெட்டி கையோடு சுழல ஆரம்பிக்கும், ஆக்சிலேட்டர் பக்கம் என்றால் உயிருக்கே ஆபத்து.

கிளாம்ப் போல்ட்டுகளை மேனுவலில் சொன்ன வரிசையில், சொன்ன அளவுக்கே இறுக்குங்கள்.

எல்லாம் மாட்டியதும் நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, பாரை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். எஞ்சின் வேகம் தானாக ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். சரி செய்யாமல் சாலையில் இறங்காதீர்கள்.