ஆசைப்படுவதையே முதலில் எழுது

கேள்வி: தமிழ்வழியில், அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். கணிதத்தில் 88, இயற்பியலில் 84, வேதியியலில் 83. பி.சி. பிரிவு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகப்போகும் முதல் ஆள் நான்தான். அப்பா அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்கிறார். பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்துவிட்டேன். விருப்பப் பட்டியலில் பெரிய கல்லூரிகளை மேலே போட்டால் வாய்ப்பு வீணாகிவிடும், கிடைக்கக்கூடியதைத்தான் முதலில் போட வேண்டும் என்கிறார் பிரவுசிங் சென்டர் அண்ணன். இதற்கிடையில் அப்பாவின் நண்பர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கித் தருவாராம். வெள்ளிக்கிழமைக்குள் 25,000 ரூபாயும் அசல் சான்றிதழ்களும் வேண்டுமாம். எனக்கு சிவில் படிக்க ஆசை. பெண்ணுக்கு எதற்கு சிவில் என்கிறார்கள் வீட்டில். என்ன செய்வது?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மாணவி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்பு மகளுக்கு,

முதலில் வெள்ளிக்கிழமை விஷயத்தை முடித்துவிடுவோம். பணம் கொடுக்க வேண்டாம். அசல் சான்றிதழ் ஒன்றைக்கூட அந்த மனிதர் கையில் கொடுக்க வேண்டாம். அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. அவருக்கும் கொஞ்சம் எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் உன் பட்டியல்.

உன் கட்-ஆஃப் 171.5. கணிதம் அப்படியே 88, இயற்பியலில் பாதி 42, வேதியியலில் பாதி 41.5. இந்த 200க்கான கணக்கில்தான் தரவரிசை போடுகிறார்கள். இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தால் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல், இப்படியே போய்ப் பிறந்த தேதி வரை. அதிலும் சமமாக இருந்தால்தான், குலுக்கல் போலக் கணினி ஒவ்வொருவருக்கும் தரும் ரேண்டம் எண். அந்த எண் வெளியாகும் நாளில் ஊரே அதைப் பற்றிப் பேசும். பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதே இல்லை.

இனி, பிரவுசிங் சென்டர் அண்ணன் சொன்னது. நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் தவறு. ஒதுக்கீடு எப்படி நடக்கிறது என்று பார். ஒரு சுற்றில் இருக்கும் எல்லோருடைய பட்டியலையும் கணினி தரவரிசைப்படி எடுக்கும். உனக்கு முன்னால் இருப்பவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்த பிறகு உன் பெயருக்கு வரும். உன் பட்டியலின் முதல் வரியில் இடம் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் அது உனக்கு. இல்லையென்றால் இரண்டாவது வரி, மூன்றாவது வரி என்று இறங்கிக்கொண்டே போகும். 63ஆவது வரியில்தான் இடம் இருக்கிறதென்றால் அந்த 63ஆவது உனக்குக் கிடைக்கும். அதன் பிறகுதான் உனக்கு அடுத்த மாணவரின் பட்டியலைக் கணினி தொடும்.

இதன் பொருள் என்ன? உனக்குப் பின்னால் இருக்கும் ஒருவர் ஒரு கல்லூரியை முதல் விருப்பமாகப் போட்டு, நீ அதையே 40ஆவதாகப் போட்டிருந்தாலும், அந்த இடம் முதலில் உனக்குத்தான். எட்டாத கல்லூரிகளைப் பட்டியலின் தலையில் பத்து வரிக்கு எழுதி வைத்தாலும் நீ இழப்பது ஒன்றுமில்லை. கணினி அவற்றைக் கடந்து கீழே வரும், அவ்வளவுதான். ஆசைப்பட்டதற்கு அபராதம் கிடையாது.

அண்ணன் சொன்னபடி செய்தால் என்ன ஆகும்? கிடைக்கக்கூடிய கல்லூரியை முதல் வரியில் போட்டால் அதுவே கிடைத்துவிடும். அதைவிட நல்ல கல்லூரியில் உன் தரவரிசைக்கு ஓர் இடம் காலியாக இருந்திருந்தாலும், அதை நீ மூன்றாவது வரியில் எழுதியிருந்தால் கணினி அங்கே போய்ப் பார்க்காது. தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு, 'ஏற்கிறேன், ஆனால் மேல்விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன்' என்று ஒரு வாய்ப்புத் தருவார்கள். 'அப்வேர்ட்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். முன்னால் இருப்பவர்கள் சிலர் இடத்தை விட்டுவிட்டுப் போகும்போது உனக்கு மேலே ஒன்று கிடைக்கலாம். ஆனால் பட்டியலில் உன் ஒதுக்கீட்டுக்கு மேலே இருக்கும் வரிகளுக்குத்தான் அது செல்லும். முதல் வரியே கிடைத்துவிட்டால் மேலே போக எதுவும் இல்லை. கீழே எழுதியவை எல்லாம் அத்தோடு போயிற்று.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. 2017 வரை கலந்தாய்வு நேரில் நடந்தது. பெட்டியும் சான்றிதழ்ப் பையுமாகச் சென்னைக்குப் போய், திரையில் ஓடும் காலியிடங்களைப் பார்த்து, அங்கேயே முடிவு சொல்ல வேண்டும். அந்த நாளில் 'இருப்பதைப் பிடி' என்பது சரியான புத்தி. 2018இல் எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டது. புத்திமதி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

ஆக, பட்டியலை எழுதும்போது ஒவ்வோர் அடுத்தடுத்த இரண்டு வரிக்கும் ஒரே ஒரு கேள்வி: இந்த இரண்டும் இன்று என் கையில் கிடைத்தால் எதில் சேருவேன்? அது மேலே. 'கிடைக்குமா' என்ற யோசனை வரிசைக்குள் வரவே கூடாது. அது வர வேண்டிய இடம் பட்டியலின் நீளம். பெரிய கல்லூரிகள் பதினைந்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தியவர்களுக்கு அந்தச் சுற்றில் ஒன்றும் கிடைக்காமல் போகும். எனவே உறுதியாகக் கிடைக்கும் என்று தோன்றும் கல்லூரிகள் வரைக்கும் நீட்டி எழுது. எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் கிடைத்தாலும் போக மாட்டாய் என்கிற கல்லூரியை மட்டும் எண்ணிக்கைக்காகச் சேர்க்காதே.

எது கிடைக்கும் என்று கணிக்க, கலந்தாய்வு இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளின் விவரம் இருக்கும். கல்லூரி, பாடப்பிரிவு, சமூகப் பிரிவு மூன்றும் சேரும் கட்டத்தைப் பார். உனக்குப் பொதுப் பிரிவின் 31 விழுக்காட்டிலும் உரிமை உண்டு, அதில் கிடைக்காதபோது பி.சி.யின் 26.5 விழுக்காட்டிலும் உண்டு. ஆகையால் இரண்டு கட்டங்களையும் பார்க்க வேண்டும். மதிப்பெண்ணைவிடத் தரவரிசை எண்ணை ஒப்பிடுவது நல்லது. வினாத்தாள் எளிதாக வந்த ஆண்டின் 171.5 வேறு, கடினமாக வந்த ஆண்டின் 171.5 வேறு. கல்லூரியின் பெயரை நம்பாமல் குறியீட்டு எண்ணைச் சரிபார். ஒரே நிர்வாகம் ஒரே பெயரின் சாயலில் இரண்டு மூன்று கல்லூரிகள் நடத்துவது இங்கே சாதாரணம்.

கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதே. பதிவில் இருக்கும் கைப்பேசி எண் உன் வீட்டு எண்ணா, சென்டர் எண்ணா என்று இன்றே பார்த்துக்கொள். அண்ணனுடைய கணினியைப் பயன்படுத்தலாம், தட்டச்சு செய்வது நீயாக இரு.

சிவிலுக்கு வருகிறேன். பெண்ணுக்கு எதற்கு என்ற கேள்விக்குக் கிண்டி பொறியியல் கல்லூரி 1940களிலேயே பதில் சொல்லிவிட்டது. அங்கே முதலில் பொறியியல் பட்டம் பெற்ற மூன்று பெண்களில் லலிதா படித்தது மின்பொறியியல்; லீலம்மா ஜார்ஜும் திரேசியாவும் படித்தது சிவில். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். எண்பது ஆண்டு கழித்தும் வீட்டில் இதே கேள்வியைக் கேட்கிறார்கள் என்றால் எரிச்சல்தான் வருகிறது.

ஆனாலும் வீட்டாரின் கவலையில் பாதி நியாயம் இருக்கிறது, அதையும் நீ கேட்டுக்கொள்ள வேண்டும். தனியார் கட்டுமான நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் மென்பொருள் வேலையைவிடப் பொதுவாகக் குறைவு. களத்தில் வெயிலில் நிற்க வேண்டும், ஊர் ஊராகப் போக வேண்டும். உன் ஆசை இதையும் தாங்குமா என்று பார். அண்ணா பல்கலைக்கழகத்தின் சிவில் பாடத்திட்டம் இணையத்தில் கிடைக்கும். நில அளவை, மண் இயக்கவியல், கட்டமைப்புப் பகுப்பாய்வு, நீரியல் என்று போகும். தலைப்புகளைப் படிக்கும்போது மேலும் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறதா, இல்லை உயரமான கட்டடம் பிடிக்கும் என்பதோடு ஆசை நின்றுவிடுகிறதா?

இதையெல்லாம் பார்த்த பிறகும் சிவில் ஆசை குறையவில்லை என்றால் உனக்கென்றே ஒரு வழி திறந்திருக்கிறது. உன் கடிதத்தில் 'தமிழ்வழியில்' என்ற ஒரு சொல்லைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியிலும் நடத்துகிறது. கலந்தாய்வுப் பட்டியலில் அது தனிப் பாடப்பிரிவாக வரும். தமிழக அரசுப் பணி நியமனங்களில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு தரும் சட்டமும் அதே 2010இல் வந்தது. பள்ளி முதல் பட்டம் வரை எல்லாமே தமிழ்வழியாக இருந்தால்தான் அதைக் கோரலாம். உதவிப் பொறியாளர் பணிக்குத் தேர்வு எழுத நினைக்கும் சிவில் மாணவிக்கு இது சின்ன விஷயமில்லை. தனியார் நிறுவனம், வெளிநாடு, மேற்படிப்பு என்பது உன் எண்ணமானால் ஆங்கிலவழியே வசதி. இரண்டையும் எழுதலாம், எது மேலே என்பதை நீதான் தீர்மானிக்க வேண்டும்.

அப்பாவுக்கு:

ஐயா, மகளுக்கு ஓர் இடத்தை இப்போதே உறுதி செய்துவிட வேண்டும் என்ற உங்கள் தவிப்பு புரிகிறது. அந்தத் தவிப்பை வைத்துத்தான் வெள்ளிக்கிழமை என்று நாள் குறிக்கிறார்கள். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 25,000 ரூபாய்க்குக் கல்லூரியின் பெயரில், கல்லூரிக் கணக்கில் ரசீது தருவீர்களா? கல்லூரியில் சேர்ந்து பணம் கட்டிய மாணவர் குறித்த கடைசி நாளுக்குள் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. இந்த விதி கல்லூரி வாங்கிய கட்டணத்துக்குத்தான். இடைத்தரகர் சட்டைப்பைக்குப் போன பணத்துக்கு எந்த விதியும் துணைக்கு வராது. நன்கொடை கேட்டால், அதைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது.

இன்னொன்று. உங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி உங்கள் மகள். அதற்கான கல்விக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அது போய்விடும். நான்கு ஆண்டுக் கட்டணத்தைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பைண்டிங் வேலையில் காகிதத்தின் விலை தெரிந்தவர் நீங்கள், இந்தக் கணக்கு உங்களுக்குக் கடினமில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்காமல் இருந்தால் இந்த வாரமே செய்துவிடுங்கள். உறுதிமொழி, குடும்பத்தாரின் படிப்பு விவரம் எல்லாம் கேட்பார்கள். கையெழுத்தாகி வர நாளாகும்.

'100 விழுக்காடு வேலைவாய்ப்பு' என்ற விளம்பரப் பலகைகளையும் நம்ப வேண்டாம். மத்திய கல்வி அமைச்சகம் வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் ஓர் ஆவணம் வெளியிட வேண்டும். எத்தனை பேர் உரிய காலத்தில் தேர்ச்சி பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் இதற்குக் கீழும் வாங்குவது) எவ்வளவு என்று அதில் இருக்கும். அந்தத் தரகர் சொல்லும் கல்லூரியின் ஆவணத்தை மகளைவிட்டு எடுத்துப் பாருங்கள். ஆவணமே இல்லையென்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

மறுபடியும் உனக்கு. 7.5 விழுக்காடு ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, அது உனக்கு வராது. ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் 2024–25 முதல் உண்டு. ஆறாம் வகுப்பு முதலே இப்படிப் படித்திருந்தால் கல்லூரியில் சேர்ந்ததும் விண்ணப்பித்துவிடு. அரசுக் கலைக் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வை. உனக்குக் கணிதம் நன்றாக வருகிறது, பி.எஸ்சி. கணிதம் ஒன்றும் தோற்றுப்போனவர்களின் படிப்பு இல்லை.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதிப்படுத்த மிகக் குறைந்த அவகாசமே தருவார்கள். அந்த நாட்களில் திருமணம், திருவிழா என்று வெளியூர் போகாதே. உறுதிப்படுத்தத் தவறினால் அந்த இடம் போய்விடும். அப்வேர்ட் கேட்டால் குறித்த நாளுக்குள் கட்டணமும் செலுத்தியாக வேண்டும். மேலே ஒன்று கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே கைவிட்டுப் போகும், திரும்பக் கேட்க முடியாது. ஆகவே உண்மையிலேயே கூடுதலாக விரும்பும் கல்லூரிகள் மட்டுமே மேலே இருக்கட்டும். காலக்கெடு முடிகிற நேரம் வரை வரிசையை மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், கடைசி மணி நேரத்துக்கு விடாதே, இணையதளம் அப்போதுதான் திணறும். கடைசி நாளுக்கு முந்தைய இரவே முடித்து, ஒரு நகல் அச்செடுத்து, அப்பாவோடு உட்கார்ந்து குறியீட்டு எண்களை ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்த்துவிடு.