வருமான வரிக்கு எழுதும் கணக்கு மட்டும் போதாது: கம்பெனிக் கணக்குகள் பற்றிக் கேள்வி பதில்

இந்தியாவில் கம்பெனிக் கணக்கு எழுதுகிறவர்கள், படிக்கிறவர்கள், பாடம் நடத்துகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. முக்கால்வாசிச் சிக்கலுக்குக் காரணம் ஒன்றுதான். நம் ஊரில் கணக்கு என்றாலே ரிட்டர்ன் போடுவதற்கு என்று பழகிவிட்டோம். கணக்கியல் தரநிலைகளோ, கடன் கொடுக்கிறவரும் முதல் போடுகிறவரும் படித்து முடிவெடுப்பதற்காக எழுதப்பட்டவை.

கேள்வி (ஏற்றுமதி நிறுவனக் கணக்காளர்): சார், எங்களுடையது பங்குச்சந்தையில் பட்டியலிடாத பிரைவேட் லிமிடெட். நிகர மதிப்பு 18 கோடி, விற்றுமுதல் 90 கோடி. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஐஎஃப்ஆர்எஸ் (சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகள்) கணக்கு கேட்கிறார். நாங்கள் இண்ட் ஏஎஸ்-க்கு (ஐஎஃப்ஆர்எஸ்-ஐத் தழுவிய இந்தியத் தரநிலைகள்) மாற வேண்டுமா?

பதில்: சட்டப்படி வேண்டியதில்லை. இண்ட் ஏஎஸ் 2016 ஏப்ரல் 1 முதல் 500 கோடி அல்லது அதற்கு மேல் நிகர மதிப்புள்ள கம்பெனிகளுக்கு வந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் பட்டியலிட்ட கம்பெனிகளுக்கும், பட்டியலிடாதவற்றில் 250 கோடியைத் தொட்டவற்றுக்கும் வந்தது. ஆனால் உங்கள் தாய்க் கம்பெனி இண்ட் ஏஎஸ் பின்பற்றினால் நீங்களும் பின்பற்றியாக வேண்டும். அதை முதலில் பாருங்கள்.

அப்படி இல்லையென்றால் உங்களுக்குப் பொருந்துவது 2021-ஆம் ஆண்டு விதிகளில் உள்ள ஏஎஸ் எனும் இந்தியக் கணக்கியல் தரநிலைகள். அவற்றில் சிறு, நடுத்தரக் கம்பெனி என்ற வகைக்குச் சில சலுகைகள் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டின் விற்றுமுதல் 250 கோடியையும் கடன் 50 கோடியையும் தாண்டியிருக்கக் கூடாது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மார்ச் 31 அன்று நின்ற கடன் பாக்கியை மட்டும் பார்த்துவிட்டு "உள்ளே இருக்கிறோம்" என்று எழுதிவிடுகிறார்கள். விதி சொல்வது ஆண்டின் எந்த நாளிலும் தாண்டியிருக்கக் கூடாது என்று. சீசனில் பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிச் சரக்குக்கான வங்கி முன்கடன்) ஏறி ஒரு வாரம் 52 கோடியில் நின்றிருந்தாலே சலுகை போச்சு. மறுபடி வரம்புக்குள் வந்தாலும், தொடர்ந்து இரண்டு ஆண்டு அப்படி இருந்தால்தான் சலுகை திரும்பக் கிடைக்கும்.

வாடிக்கையாளருக்காக இண்ட் ஏஎஸ்-க்குத் தாவாதீர்கள். விரும்பி மாறினால் பிறகு திரும்பி வர வழியில்லை. தவிர, இண்ட் ஏஎஸ் அப்படியே ஐஎஃப்ஆர்எஸ் அல்ல. உதாரணமாக, முதலீட்டுக்காக வைத்திருக்கும் கட்டிடத்தை நியாய மதிப்பில் காட்ட ஐஎஃப்ஆர்எஸ் அனுமதிக்கிறது. இண்ட் ஏஎஸ் 40 அடக்க விலையில்தான் வைக்கச் சொல்கிறது, நியாய மதிப்பைக் குறிப்பில் வெளியிட்டால் போதும். அவருக்கு எந்தெந்த எண்கள் வேண்டும் என்று கேட்டு, அவற்றை மட்டும் தனியாக மாற்றிக் கொடுங்கள்.

கேள்வி (கணக்கு உதவியாளர்): கம்ப்யூட்டருக்கு வருமான வரிச் சட்டப்படி 40% தேய்மானம். கம்பெனிக் கணக்கிலும் அதையே போட்டால் என்ன தப்பு? வேலை மிச்சமாகுமே?

பதில்: மிச்சமாகாது, ஆடிட்டில் திரும்ப வரும். கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பயன்பாட்டுக் காலத்தை வைத்துப் போகிறது. கம்ப்யூட்டருக்கு 3 ஆண்டு, சர்வருக்கு 6 ஆண்டு, மீதமதிப்பு (அந்தக் காலம் முடிந்ததும் மிஞ்சும் மதிப்பு) பொதுவாக விலையில் 5%-க்கு மேல் போகாது.

ஒரு லட்ச ரூபாய்க்கு ஏப்ரலில் வாங்கிய கம்ப்யூட்டரை நேர்கோட்டு முறையில் (ஆண்டுதோறும் ஒரே தொகை) பாருங்கள். புத்தகத்தில் ஆண்டுக்கு 31,667. வரிக்கு முதல் ஆண்டு 40,000. வித்தியாசம் 8,333. வரி விகிதம் 25.168% என்றால், 2,097 ரூபாய் ஒத்திவைத்த வரிப் பொறுப்பு, அதாவது இப்போது குறைந்து பின்னால் கட்ட வேண்டிய வரி. இரண்டாம் ஆண்டில் வரிக்கு 24,000 மட்டுமே (மிச்சமுள்ள 60,000-ல் 40%). திரண்ட வித்தியாசம் 666 ஆகச் சுருங்கி, பொறுப்பு 168 ரூபாய்க்கு இறங்குகிறது. மூன்றாம் ஆண்டு முடிவில் புத்தக மதிப்பு 5,000, வரிக்கான மதிப்பு 21,600. இப்போது 16,600 வித்தியாசம் உங்கள் பக்கம். 4,178 ரூபாய் ஒத்திவைத்த வரிச் சொத்தாக, அதாவது பின்னால் வரியில் குறையப்போகும் தொகையாக மாறிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் இந்த இரண்டு மதிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்கிடுங்கள். "போன வருஷ எண்ணோடு கூட்டு" என்று போகிறவர்களுக்குத்தான் மூன்றாம் ஆண்டில் குறி மாறுவது தெரியாமல் போகிறது.

கேள்வி (நிதி மேலாளர்): வரவேண்டிய பாக்கிகளுக்கு எத்தனை சதவீதம் ஒதுக்கீடு வைப்பது? நாங்கள் இண்ட் ஏஎஸ் கம்பெனி. எல்லாப் பாக்கிக்கும் 2% வைக்கிறோம். ஆடிட்டர் ஏற்கவில்லை.

பதில்: ஆடிட்டர் கேட்பது நியாயம். அந்த 2% எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்களிடம் தாள் இல்லை. நிதிக் கருவிகளுக்கான தரநிலையான இண்ட் ஏஎஸ் 109, இனி வரக்கூடும் என்று எதிர்பார்க்கும் நஷ்டத்தைக் கணக்கிடக் கேட்கிறது. வாணிபப் பாக்கிகளுக்கு எளிய வழி, வயது வாரியான ஒதுக்கீட்டு அட்டவணை. பழைய ஆண்டு ஒன்றின் பில்களை எடுங்கள். 12 கோடிக்கு விற்றதில் கடைசிவரை வராமலே போனது 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். புதிய பில்லுக்கு நஷ்ட விகிதம் 0.5%. அதே விற்பனையில் 180 நாள் கழித்தும் நின்றது 80 லட்சம் என்றால், அந்தக் கட்டத்தைத் தொட்ட பில்லுக்கு விகிதம் 7.5%. நஷ்டம் அதே 6 லட்சம்தான், வகுக்கும் தொகை மாறுகிறது. இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டு, இன்றைய நிலவரத்துக்கேற்ப ஏற்றி இறக்கி, ஏன் ஏற்றினீர்கள் என்பதை எழுதி வையுங்கள்.

ஆனால் அதற்கு முன் லெட்ஜரைச் சுத்தம் செய்ய வேண்டும். பார்ட்டி அனுப்பிய பணத்தை எந்த பில்லுக்கு என்று கேட்காமல் 'ஆன் அக்கவுண்ட்' என்று போட்டுவைப்பது நம் அலுவலகங்களில் மிகச் சாதாரணம். ஒரு பார்ட்டி லெட்ஜரில் 12 லட்சத்துக்கு பில் நிற்கிறது, 9 லட்சம் ஆன் அக்கவுண்டில் கிடக்கிறது. நிகர பாக்கி 3 லட்சம் சரிதான். ஆனால் வயது அறிக்கையில் ஏற்கெனவே தீர்ந்த பில்கூட மூன்று வருடப் பாக்கியாகத் தெரியும். அந்த அறிக்கையிலிருந்துதான் கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை கேட்கும் பட்டியலும் போகிறது: ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு வருடம், 1–2, 2–3, மூன்றுக்கு மேல். வயதை பில் தேதியிலிருந்து எண்ணாதீர்கள், பணம் கட்ட வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள். கட்ட வேண்டிய தேதி குறிப்பிடாத பில்லுக்கு மட்டும் நடவடிக்கை நடந்த தேதி.

கேள்வி (சிஏ இன்டர் மாணவர்): வாடகை ஆண்டுக்கு 10 லட்சம்தான். குத்தகைக்கான தரநிலையான இண்ட் ஏஎஸ் 116 வந்ததும் லாபம் ஏன் குறைகிறது?

பதில்: ஐந்து ஆண்டு ஒப்பந்தம், ஆண்டு முடிவில் வாடகை, வட்டி 10% என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வாடகைகளின் இன்றைய மதிப்பு 37,90,787. இந்தத் தரநிலைப்படி அதுவே கடனும், பயன்பாட்டு உரிமைச் சொத்தும் (இடத்தைப் பயன்படுத்தும் உரிமையின் மதிப்பு). ஆண்டுத் தேய்மானம் 7,58,157, முதல் ஆண்டு வட்டி 3,79,079. சேர்த்தால் 11,37,236. ஐந்தாம் ஆண்டில் வட்டி 90,909 மட்டும், மொத்தச் செலவு 8,49,066. ஐந்து ஆண்டையும் கூட்டினால் அதே 50 லட்சம். ஆக லாபம் எங்கும் போகவில்லை, செலவு முன்பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான். தேய்மானம், வட்டி, வரிக்கு முந்தைய லாபமோ ஆண்டுக்கு 10 லட்சம் கூடித் தெரியும். வங்கியின் கடன் நிபந்தனையில் எந்த லாபம், எந்தக் கடன் என்ற விளக்கம் இருக்கும், அதையும் கூடவே படியுங்கள். ஏஎஸ் தரநிலைகளில் குத்தகைக்கான ஏஎஸ் 19-ன் கீழ் சாதாரணக் குத்தகைக்கு இந்த வேலை இல்லை.

கேள்வி: எடிட் லாக் (மென்பொருளில் செய்யும் திருத்தங்களின் பதிவு) வந்த பிறகு பழைய தேதி வவுச்சரைத் திருத்தலாமா?

பதில்: கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் மென்பொருள் கட்டாயம். அந்த வசதியை அணைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். ஆண்டு முழுக்க இயங்கியதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். திருத்துவது குற்றமல்ல, காரணம் சொல்ல முடியாத திருத்தம்தான் பிரச்சினை. நல்ல வழி, பழைய வவுச்சரைத் தொடாமல் இன்றைய தேதியில் திருத்தப் பதிவு போட்டு, விவரக் குறிப்பில் பழைய வவுச்சர் எண்ணைச் சொல்வது. சம்பளத்தையும் சரக்கையும் எக்செலில் போட்டு மொத்தத்தை மட்டும் டேலி கணக்கு மென்பொருளில் ஏற்றுகிறவர்கள் இதை ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கேள்வி: பி.காம். முடித்தேன். சிஏ பயிற்சிக் காலம் இப்போது எவ்வளவு?

பதில்: புதிய திட்டத்தில் இரண்டு ஆண்டு. இன்டர் (இடைநிலைத் தேர்வு) இரு குரூப்பும் தேறிய பிறகுதான் தொடங்கலாம். ஒவ்வொரு தாளிலும் 40%, குரூப்பில் மொத்தம் 50% வேண்டும். பி.காமில் 55% இருந்தால் ஃபவுண்டேஷன் எனும் நுழைவு நிலைத் தேர்வு எழுதாமல் நேராக இன்டர். பயிற்சிக்கு இடம் தேடும்போது உதவித்தொகையைக் கேட்பதோடு, ஆடிட் வேலை தருவார்களா என்றும் கேளுங்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் மட்டுமே இரண்டு ஆண்டு போட்டவருக்கு, ஃபைனல் தாளில் தரநிலைகள் வெறும் எழுத்தாகத்தான் தெரியும்.

கேள்வி (கல்லூரி ஆசிரியர்): மாணவர்கள் பேரேட்டுப் பதிவை ஒப்பிக்கிறார்கள், வேலையில் திணறுகிறார்கள். வகுப்பில் என்ன மாற்றலாம்?

பதில்: கணக்கை வாக்கியமாகக் கொடுக்காதீர்கள், காகிதமாகக் கொடுங்கள். "காப்பீடு முன்கூட்டிக் கட்டியது ரூ. 90,000" என்று வினாத்தாளே சொல்லிவிட்டால் மாணவர் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. ஜனவரி 1 முதல் ஓராண்டுக்கான 1,20,000 ரூபாய் பாலிசி ரசீதைக் கொடுங்கள். மார்ச் 31-ல் ஒன்பது மாதம் பாக்கி இருக்கிறது என்று அவர் தேதியைப் பார்த்துச் சொல்லட்டும்.

ஒரு மார்ச் மாதத்துக்கு அறுபது காகிதம் தயார் செய்யுங்கள். அதில் ஒரே பில் இரண்டு முறை வரட்டும். மார்ச் பயன்பாட்டுக்கு ஏப்ரலில் வந்த மின்கட்டண ரசீது, இயந்திரத்துக்குக் கொடுத்த முன்பணம், இயக்குநர் வீட்டுக்கு வாங்கிய குளிர்சாதனப்பெட்டியின் பில் எல்லாம் கலந்திருக்கட்டும். முக்கியமாக ஒன்று: மார்ச் 30-ல் சரக்கு வந்ததற்கான ரசீது, அதே சரக்குக்கு ஏப்ரல் 3 தேதியிட்ட பில். இறுதிச் சரக்கை எண்ணும்போது அந்தச் சரக்கு சேர்ந்துவிடும், கொள்முதல் பதிவாகாது, அந்தத் தொகை முழுதும் லாபமாகத் தெரியும். ஆண்டு முடிவில் நடக்கும் பெரிய பிழைகளில் இது முன்வரிசை.

மதிப்பெண்ணில் பாதியைப் பதிவுகளுக்குக் கொடுங்கள். மறுபாதியை, காகிதங்களைப் பார்த்துவிட்டு மாணவர் நிர்வாகத்திடம் கேட்கும் கேள்விகளுக்குக் கொடுங்கள். அறுபதில் ஐந்தாறு காகிதமாவது கேட்காமல் பதிவு செய்ய முடியாதவையாக இருக்க வேண்டும்.